பெட்டி டிரெய்லர் இழுக்கும்போது மைலேஜ்: கேபின் மேல் பலகை வைப்பதற்கு முன் டிரெய்லரின் முகத்தைப் பாருங்கள்

கேள்வி இதுதான். மதுரை பக்கம் திருமங்கலத்தில் ஒருவர் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறார். திறந்த பாடி பிக்அப், அதன் பின்னால் 6 அடி அகலம், 6 அடி உயரம், 8 அடி நீளத்தில் தகரம் அடித்த பெட்டி டிரெய்லர். அண்டா, அடுப்பு, கிரைண்டர் எல்லாம் அதற்குள். வண்டி தனியாக ஓடினால் லிட்டருக்கு 14 வரை கொடுக்கிறது. டிரெய்லர் மாட்டி நாகர்கோவில் போய் வந்தால் 9 தான். லாரிகளில் இருப்பதுபோல் கேபின் மேல் காற்றைத் தூக்கிவிடும் பலகை ஒன்று அடித்து மாட்டினால் சரியாகுமா என்று கேட்கிறார்.

அந்தப் பலகை உங்கள் வண்டிக்குப் பெரிதாக உதவாது. அதே செலவை டிரெய்லரின் முன்முகத்தில் போட்டால் பலன் உண்டு. ஏன் என்று புரிய, டீசல் எங்கே போகிறது என்று முதலில் கணக்குப் பார்த்துவிடுவோம்.

வண்டியும் டிரெய்லரும் சுமையும் சேர்த்து 3 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் டயர் உருள்வதற்கு மட்டும் சுமார் 36 கிலோ இழுவிசை வேண்டும். வேகம் கூடினாலும் குறைந்தாலும் இது அதிகம் மாறாது. காற்று அப்படியில்லை. வேகம் இரட்டிப்பானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். உங்கள் பெட்டியின் தரையிலிருந்து உச்சி வரை ஏறக்குறைய 8 அடி. பிக்அப் கேபின் 6 அடிதான். மேலே 2 அடி உயரத்துக்குத் தட்டையான சுவர் காற்றில் நேராக மோதுகிறது. இந்த அளவுள்ள ஜோடிக்கு 50 கி.மீ. வேகத்தில் காற்றுத் தடை சுமார் 29 கிலோ, 60-ல் 42, 65-ல் 50, 80-ல் 75 கிலோ வரும். அதாவது 55 கி.மீ. வேகத்தை ஒட்டி டயரும் காற்றும் சமபங்கு. அதற்கு மேல் நீங்கள் பெரும்பாலும் காற்றுக்குத்தான் டீசல் ஊற்றுகிறீர்கள்.

இதிலிருந்தே முதல் வேலை தெரிந்துவிடும். 80-ல் மொத்தம் 111 கிலோ இழுக்கிற இன்ஜின், 65-ல் 86 கிலோதான் இழுக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. பலகையும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம். மதுரையிலிருந்து நாகர்கோவில் ஏறக்குறைய 240 கி.மீ.; முழுக்க நான்கு வழிச்சாலையில் 80-ல் போனால் 3 மணி நேரம், 65-ல் போனால் சுமார் 40 நிமிடம் கூடுதல். முகூர்த்தத்துக்கு முந்தின நாளே பாத்திரம் இறக்குகிற தொழிலில் இந்த 40 நிமிடத்தை ஒதுக்க முடியும். 65-ல் டாப் கியரில் இன்ஜின் திணறாமல் ஓடினால் அதுதான் சரியான வேகம். மேட்டில் திணறினால் ஒரு கியர் குறையுங்கள். டாப் கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து ஏற்றுவது மிச்சப்படுத்தியதையெல்லாம் தின்றுவிடும்.

பயிர் நிலத்து டிராக்டர் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் மறந்துவிடலாம். 25, 30 கி.மீ. வேகத்தில் காற்றுத் தடை என்பது கணக்கிலேயே வராது. அங்கே டயர் காற்றும் பேரிங்கும்தான் எல்லாம்.

டயர் என்று வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெட்டிக்கு முகம் கட்டும் முன் இவை சரியாக இருக்க வேண்டும். டிரெய்லர் டயரில் காற்றைக் காலையில், வண்டி எடுக்கும் முன்பே பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளந்தால் கூடுதலாகக் காட்டும், சரியாக இருக்கிறது என்று ஏமாந்துவிடுவோம். பிக்அப் டயருக்கு மாதம் ஒருமுறை காற்றுப் பார்ப்பவர்கள்கூட டிரெய்லர் டயரை ஆறு மாதம் தொடுவதில்லை. அடுத்தது அச்சு நேராக இருக்கிறதா என்பது. ஹிட்ச்சின் (டிரெய்லரை வண்டியோடு மாட்டும் இடம்) மையத்திலிருந்து அச்சின் இடது முனைக்கும் வலது முனைக்கும் டேப் பிடித்து அளங்கள். இரண்டும் 3 மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும். 10, 15 மி.மீ. வித்தியாசம் இருந்தால் டிரெய்லர் கோணிக்கொண்டு, டயரைத் தரையில் தேய்த்தபடியே வருகிறது. ஒரு பக்கத்து டயர் ஓரம் ரம்பப்பல் மாதிரி தேய்ந்திருந்தால் அளக்காமலே தெரியும். மூன்றாவது, 20 கி.மீ. ஓட்டி நிறுத்தி இரண்டு பக்கச் சக்கர ஹப்புக்கும் (சக்கரத்தின் நடுக்குடம்) அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் பேரிங்கில் கிரீஸ் வற்றிவிட்டது.

இனி காற்று.

நான்கு வழிச்சாலையில் இரு சக்கர வண்டியில் போகும்போது பக்கத்தில் ஒரு கன்டெய்னர் லாரி முந்திப் போனால் என்ன நடக்கும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். லாரியின் முகம் நெருங்கும்போது உங்களை வெளியே தள்ளும். அது கடந்து போகும்போது உள்ளே இழுக்கும். 1973-ல் அமெரிக்காவின் நாசாவில் வேலை பார்த்த எட்வின் சால்ட்ஸ்மன் என்ற பொறியாளர் சைக்கிளில் போகும்போது இதையே உணர்ந்து, லாரி எவ்வளவு காற்றை வீணாகத் தள்ளிக்கொண்டு போகிறது என்று யோசித்தார். அவருடைய குழு ஒரு வேனுக்கு மேல் சப்பாத்திப் பலகைபோல் தட்டையான தகடுகளை அடித்து, கூர்மூலை கொண்ட பெட்டியாக்கி ஓட்டிப் பார்த்தது. பிறகு விளிம்புகளை உருட்டி அமைத்து மறுபடி ஓட்டியது. செங்குத்து விளிம்பு, கிடை விளிம்பு இரண்டையும் உருட்டியபோது காற்றுத் தடை பாதிக்கும் மேல் குறைந்தது. பெட்டிக்குள் இழந்த இடம் மிகக் கொஞ்சம்.

உங்கள் டிரெய்லருக்கு முன்னால் பிக்அப் ஓடுவதால் அவ்வளவு கிடைக்காது. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்தக் காற்றுத் தடையில் 10 முதல் 20 சதவீதம் வரை எதிர்பார்க்கலாம். 65 கி.மீ. வேகத்தில் இது டீசலில் 6 முதல் 11 சதவீதம். ஆனால் காரணம் ஒன்றே. காற்று தட்டை முகத்தில் மோதி, பக்கவாட்டிலும் மேலும் ஓடி, விளிம்பைத் தாண்ட வருகிறது. விளிம்பு கத்தி மாதிரி இருந்தால் காற்றால் அங்கே திரும்ப முடியாது. சுவரை விட்டு விலகிப் பறந்து, பெட்டியைச் சுற்றிப் பெரிய சுழலாகிவிடும். காற்றைப் பொறுத்தவரை உங்கள் 6 அடிப் பெட்டி 7 அடிப் பெட்டியாகிவிடுகிறது. விளிம்பு உருண்டையாக இருந்தால் காற்று அந்த வளைவோடு ஒட்டி வழுக்கிப் போய் பக்கச் சுவரில் படிந்துவிடும். முகத்தைக் கப்பல் முனை மாதிரி கூர்மையாக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. முகம் நடுவில் தட்டையாகவே இருக்கட்டும். விளிம்பு உருண்டால் போதும்.

எவ்வளவு உருள வேண்டும்? வளைவின் ஆரம் 100 மி.மீ. இருந்தாலே நல்ல பங்கு கிடைக்கும். 150 மி.மீ. இருந்தால் உங்கள் வேகத்துக்குக் கிடைக்க வேண்டியது ஏறக்குறைய முழுதும் கிடைத்துவிடும். அதற்கு மேல் போவது இடத்தையும் காசையும் வீணாக்குவது.

இதற்கு மலிவான வழி பிவிசி பைப். 315 மி.மீ. விட்டமுள்ள பைப்பை நீளவாக்கில் நான்காகப் பிளந்தால் ஒவ்வொரு துண்டும் 157 மி.மீ. ஆரத்தில் கால் வட்ட வளைவு. 3 மீட்டர் பைப் ஒன்று போதும்: மேல் விளிம்புக்கு ஒரு துண்டு, இரண்டு பக்க விளிம்புக்கு இரண்டு, ஒன்று மிச்சம். அடி விளிம்பு பிக்அப்பின் நிழலில் இருப்பதால் அதற்குச் செலவழிக்க வேண்டாம். பைப்பைப் பிளக்கும் முன் இரண்டு முனையிலும் நான்கு புள்ளி வைத்து, சுண்ணாம்பு நூல் தட்டிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கிரைண்டரில் மெல்லிய கட்டிங் வீல் போட்டு, ஒரே இடத்தில் நிற்காமல் நகர்த்திக்கொண்டே அறுங்கள். நின்றால் பிவிசி உருகி வீலில் ஒட்டும். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது, வெளியில் வைத்து முகக்கவசம் போட்டுச் செய்யுங்கள்.

பெட்டியின் முன் சுவரில் 25 மி.மீ. சதுர பைப்பால், சுவரிலிருந்து 155 மி.மீ. முன்னே தள்ளி நிற்கும் சட்டம் ஒன்று கட்ட வேண்டும். நடுவில் வரும் தட்டைப் பகுதிக்கு, கடைப் பெயர்ப் பலகைக்குப் போடும் 4 மி.மீ. ஏசிபி ஷீட் (இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது) போதும். எடை குறைவு, துருவும் பிடிக்காது. அதன் அகலம் 1.51 மீட்டர், உயரம் 1.67 மீட்டர் வரும். ஷீட்டின் ஓரத்திலிருந்து பெட்டியின் பக்கச் சுவர் வரைக்கும் கால் வட்டத் துண்டு வளைந்து போகும். மேல் துண்டும் பக்கத் துண்டும் சந்திக்கும் மூலையில், போட்டோ சட்டத்துக்கு அறுப்பதுபோல் இரண்டையும் 45 டிகிரியில் அறுத்துச் சேர்த்து, உள்ளிருந்து ஃபைபர் மேட்டும் ரெசினும் வைத்து ஒட்டுங்கள். வெளியில் புட்டி போட்டு இழைத்தால் மூட்டு தெரியாது. எல்லாம் சேர்ந்து 20, 25 கிலோவுக்குள் முடிய வேண்டும்.

பிவிசியில் மூன்று விஷயம் கெடும். ஒன்று, வெயில். பெயின்ட் அடிக்காத பிவிசி வெயிலில் சில வருடங்களில் மொறுமொறுப்பாகி, ஒரு கல் தெறித்தால் உடையும். ஒட்டும் ப்ரைமர் அடித்து, வெளிர் நிறத்தில் இரண்டு கோட் கொடுங்கள். கறுப்பு அடித்தால் மத்தியான வெயிலில் பைப் இளகி நெளிந்துவிடும். இரண்டு, விரிவு. சித்திரை வெயிலுக்கும் மார்கழி விடியலுக்கும் நடுவே பைப்பின் சூடு 30 டிகிரிக்கு மேல் மாறும். அதற்கு 2 மீட்டர் துண்டு ஒன்று 4 மி.மீ. வரை நீளும். ரிவெட்டை வட்டத் துளையில் இறுக்கி அடித்தால் துளையிலிருந்து வெடிப்பு ஓடும். நடுவில் ஒரு துளை மட்டும் வட்டமாகவும், மற்றவை நீளவாக்கில் 10 மி.மீ. நீள்துளையாகவும் போட்டு, அகல வாஷர் வைத்து, 20 செ.மீ.க்கு ஒன்றாகப் பிடியுங்கள்.

மூன்றாவதுதான் பலரும் தவறுகிற இடம். பைப் வளைந்து வந்து பக்கச் சுவரைத் தொடும் இடத்தில் படி இருக்கக் கூடாது. பெட்டியின் மூலையில் ஏற்கெனவே ஒரு ஆங்கிள் பட்டையோ பீடிங்கோ 5, 6 மி.மீ. புடைத்துக்கொண்டிருக்கும். வளைவில் அழகாக ஒட்டி வந்த காற்று அந்தப் புடைப்பில் தடுக்கிப் பிரிந்துவிடும். செய்த வேலையில் கணிசமான பங்கு அங்கேயே போய்விடும். உள்ளங்கையை வளைவிலிருந்து பின்பக்கமாகத் தடவிப் பாருங்கள். விரல் எங்காவது தட்டினால் அதைத் தட்டையாக்க வேண்டும். பின்னோக்கிப் போகும்போது 2 மி.மீ. இறங்கினால் பரவாயில்லை, ஏறக் கூடாது.

முகத்தை 155 மி.மீ. முன்னே தள்ளியதால் வளைவில் திரும்பும்போது பெட்டியின் மூலை பிக்அப்பின் டெயில் போர்டில் இடிக்குமா என்று பார்க்க வேண்டும். ஹிட்ச் பந்திலிருந்து பெட்டியின் முகம் 1.2 மீட்டர் தள்ளி இருந்தால், பந்து பம்பரை விட 20 செ.மீ. வெளியே நிற்கும் வண்டியில், 60 டிகிரி மடங்கும் வரை இடிக்காது. வளைவு மூலையைச் சாப்பிட்டுவிடுவதால் கொஞ்சம் கூடுதலாகவே இடம் கிடைக்கும். ஆனாலும் காகிதக் கணக்கை நம்பாமல், சட்டம் கட்டும் முன் அட்டையை வெட்டிப் பெட்டி முகத்தில் ஒட்டி, மைதானத்தில் ஆமை வேகத்தில் முழு ஸ்டியரிங் ஒடித்து முன்னேயும் பின்னேயும் எடுத்துப் பாருங்கள். ரிவர்ஸில்தான் இடிக்கும். மிகக் குறுகிய நிலையில் 10 செ.மீ. இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் 200 மி.மீ. பைப்புக்கு இறங்கி 100 மி.மீ. ஆரத்தோடு திருப்திப்படுங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று டோ பாரை (பெட்டியை ஹிட்ச்சோடு இணைக்கும் நீண்ட இரும்புச் சட்டம்) வெட்டிக் குறைக்கவே வேண்டாம். குட்டையான டோ பார் ரிவர்ஸில் சட்டென்று மடங்கும், ஓட்டத்திலும் ஆட்டம் காட்டும்.

ஆர்சி (பதிவுச் சான்று) விஷயம்: டிரெய்லருக்குத் தனிப் பதிவு இருக்கும். அதில் உள்ள அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. பட்டறையில் வேலை தொடங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் படத்தைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாகவே பெட்டி கட்டப் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. ஆரம்பத்திலேயே வளைவை அளவுக்குள் சேர்த்துக் கட்டச் சொல்லிவிடலாம். பஸ் பாடி கட்டும் கரூர்ப் பட்டறைகளுக்கும் லாரி பாடி கட்டும் நாமக்கல் பட்டறைகளுக்கும் வளைந்த முகம் கட்டுவது பழகிய வேலை.

இப்போது நீங்கள் கேட்ட பலகை. லாரியில் அது வேலை செய்கிறதே என்றால், அங்கே கேபினுக்குப் பின்னால் அரை மீட்டர், ஒரு மீட்டரிலேயே பெட்டி நிற்கிறது. பலகை தூக்கிவிட்ட காற்று கீழே விழும் முன் பெட்டியின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். உங்கள் பிக்அப்பில் கேபினுக்குப் பின்னால் திறந்த பாடி இருக்கிறது, அதற்குப் பின்னால் டோ பார். மொத்தம் மூன்றரை மீட்டர் தாண்டித்தான் டிரெய்லரின் முகம். அவ்வளவு தூரத்தில் தூக்கிய காற்று மறுபடி இறங்கி, கலைந்து, அதே தட்டைச் சுவரில் மோதுகிறது. பலகையின் தடையும் சேர்ந்துகொள்ளும். டிரெய்லர் இல்லாமல் மார்க்கெட்டுக்குப் போகும் நாளிலும் அதைச் சுமந்துகொண்டு ஓட வேண்டும்.

பிக்அப்பின் பாடிக்கும் மூடிய கூண்டு இருந்தால் கதை வேறு. அப்போது கூண்டின் முன் விளிம்புக்குப் பலகை பொருந்தும். கூண்டும் டிரெய்லரும் ஒரே உயரத்தில் இருந்தால் இன்னும் நல்லது. பலகையின் சாய்வை, கேபின் கூரையிலிருந்து பலகையின் மேல் நுனியை ஒட்டி நூல் பிடித்தால் அந்தக் கோடு கூண்டின் மேல் விளிம்பில் வந்து முட்டும்படி வையுங்கள். சரியாக அமைந்ததா என்பதைப் பூச்சிகள் சொல்லும். இரவு ஓட்டத்துக்கு முன் கூண்டின் முகத்தைக் கழுவித் துடைத்துவிடுங்கள். காலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். மழை தொடங்கிய நாட்களில் ஈசல் பறக்கும்போது இது பளிச்சென்று தெரியும். மேல் விளிம்புக்குக் கீழே ஒரு பட்டையாகப் பூச்சிகள் நசுங்கி ஒட்டியிருந்தால் பலகை தாழ்வாக இருக்கிறது, காற்று அங்கேதான் மோதுகிறது. பலகையில் மட்டும் பூச்சி ஒட்டி, கூண்டின் முகம் சுத்தமாக இருந்தால் உயரம் போதும். ஒரு விரற்கடை இறக்கி மறுநாள் மறுபடி பாருங்கள். தேவைக்கு மேல் நிமிர்ந்த பலகையும் தடைதான்.

ஒன்றரை மீட்டர் அகலம், 60 செ.மீ. உயரப் பலகையில், 80-ல் போகும்போது 30 கி.மீ. எதிர்க்காற்று வீசினால் 55, 60 கிலோ விசை விழும். கேபின் தகரத்தில் இரண்டு செல்ஃப் ஸ்க்ரூ முறுக்கி நிறுத்துவது ஆபத்து. அது பிய்த்துக்கொண்டு பறந்தால் பின்னால் வருகிற பைக்காரர் மேல்தான் விழும். உள்ளே 3 மி.மீ. தகடு கொடுத்து, போல்ட் நட்டு போட்டு, லாக் நட்டு இறுக்குங்கள்.

பெட்டி இல்லாமல் திறந்த டிரெய்லரில் தார்ப்பாய் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பாய்தான் முகம். படபடவென்று அடிக்கும் பாய் ஒவ்வொரு அடிக்கும் டீசல் வாங்குகிறது. இரண்டு பாய் போடும்போது முன் பாயின் ஓரம் பின் பாயின் மேல் ஏறி வர வேண்டும். மாற்றிப் போட்டால் காற்று இடுக்கில் புகுந்து பாயைப் பலூனாக ஊதிவிடும். முன் மடிப்பை இறுக்கமாக உள்ளே மடித்து, அரை மீட்டருக்கு ஒரு கயிறு குறுக்கே கொடுத்து இறுக்கினால் போதும். சுமையை முன்பக்கம் செங்குத்தாக அடுக்காமல், முன் வரிசையைக் கொஞ்சம் தாழ்வாக வைத்தால் பாயே சரிவாக விழும். பிக்அப் பாடி காலியாக இருந்தால் டெயில் போர்டை மூடியே ஓட்டுங்கள். கூரையில் சும்மா கிடக்கும் கேரியரைக் கழற்றிவிடுங்கள்.

டிரெய்லரின் அடிப்பக்கம் தகடு அடிப்பது, பின்பக்கம் உள்நோக்கிச் சாயும் மடக்குப் பலகை வைப்பது இரண்டிலும் பலன் உண்டு. பின்பக்கப் பலகை 10 முதல் 15 டிகிரிக்குள் சாய்ந்தால் வேலை செய்யும், அதற்கு மேல் சாய்த்தால் காற்று பிரிந்துவிடும். ஆனால் சமையல் பாத்திரம் ஏற்றி இறக்குகிற கதவில் இதை மடக்கி விரித்துக்கொண்டிருக்க முடியாது. பின் விளக்கையும் ஒளிரும் பட்டையையும் மறைத்துவிட்டால் இரவில் உயிருக்கே உலை. உங்களுக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து. அடித்தகடு அடிப்பதாக இருந்தால் சக்கரம், பிரேக் பக்கத்தை மூடாமல், தண்ணீர் வடிய 12 மி.மீ. துளைகள் விட்டு அடியுங்கள்.

சுமை ஏற்றும் முறைக்கு மைலேஜை விடப் பாதுகாப்பில் பங்கு அதிகம். டிரெய்லரின் மொத்த எடையில் 7 முதல் 10 சதவீதம் ஹிட்ச் மேல் அமர வேண்டும். ஒரு டன் டிரெய்லருக்கு 70 முதல் 100 கிலோ. பழைய இரும்புக் கடையின் மேடைத் தராசில் டோ பார் முனையை வைத்தால் தெரிந்துவிடும். கிரைண்டரையும் இரும்பு அடுப்பையும் அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு வையுங்கள். கடைசியாக ஏற்றியது கதவோரம் இருக்கட்டும் என்று கனமானதைப் பின்னால் வைத்தால், 60-ஐத் தாண்டியதும் டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். டோ பார் தரைக்குக் கிடைமட்டமாக நிற்க வேண்டும். மூக்கு தூக்கி நின்றால் பெட்டியின் அடிப்பக்கமும் காற்று வாங்கும்.

உங்கள் வழித்தடத்தில் காற்றடிக்கும் காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆடியில் கல்யாணம் குறைந்தாலும் தெற்கே கோயில் கொடைச் சாப்பாட்டு ஆர்டர் வரும். அப்போது கயத்தாறு தாண்டினால் மேற்கிலிருந்து பக்கக் காற்று, முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்க்காற்று. ஸ்பீடாமீட்டரில் 65 காட்டும்போது 25 கி.மீ. எதிர்க்காற்று வீசினால், காற்றுக்கு நீங்கள் 90-ல் போகிறீர்கள். 50 கிலோவாக இருந்த காற்றுத் தடை 95 கிலோவாகிறது. அந்த ஒரு பகுதியில் மட்டும் 50-க்கு இறங்கினால் சுமார் 66 கிலோவுக்கு வந்துவிடும். பக்கக் காற்றில் உயரமான காலிப் பெட்டி இன்னும் மோசமாக ஆடும். சுமை இறக்கித் திரும்பும்போதுதான் கூடுதல் கவனம் தேவை. காற்று பொதுவாகத் தணிந்திருக்கும் விடியலுக்கு முன் அந்தப் பகுதியைக் கடக்கும்படி கிளம்புவது நல்லது.

செய்த வேலை பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஃபுல் டேங்க் அடித்துப் பார்க்கும் முறையில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. பங்கில் நாசில் நிற்கும் இடம் ஒரு லிட்டர் முன்னே பின்னே இருக்கும். 15 லிட்டர் ஓட்டத்தில் அது 7 சதவீதப் பிழை. நீங்கள் தேடும் லாபமே அவ்வளவுதான். நாகர்கோவில் போய் வரும் 480 கி.மீ.க்கு 50 லிட்டர் செலவாகும். அதில் ஒரு லிட்டர் பிழை 2 சதவீதம்தான். அதனால் குறைந்தது அவ்வளவு தூரம் ஓட்டி, அதே பங்கு, அதே பம்பு, வண்டி அதே பக்கம் பார்த்து நிற்க, நாசில் முதல் தடவை நின்றதும் நிறுத்தி அளங்கள். ஒரே மாதிரி சுமையோடு, முகம் கட்டும் முன் இரண்டு தடவை, பின் இரண்டு தடவை.

ஒரே காலையில் முடிக்க வேறு வழி இருக்கிறது. காற்றில்லாத விடியலில், வண்டி நடமாட்டமே இல்லாத நேரான சமதளச் சாலையில் 75-க்கு ஏற்றி, நியூட்ரலில் விட்டு, 70-லிருந்து 50-க்கு இறங்க எத்தனை விநாடி என்று பக்கத்தில் இருப்பவர் செல்போனில் அளக்கட்டும். இன்ஜினை அணைக்கக் கூடாது. அணைத்தால் பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது, பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். பின்னால் ஒரு விளக்கு தெரிந்தாலும் அந்தத் தடவையை விட்டுவிடுங்கள். அதே இடத்தில் எதிர்த்திசையிலும் ஓட்டி, இரண்டின் சராசரியை எடுங்கள்; சாலையின் மேடு பள்ளம் கழிந்துவிடும். மூன்று டன் ஜோடிக்கு இப்போது 22 விநாடி போல வரும். முகம் சரியாக அமைந்தால் அது 24-ஐத் தொடும். மாறவே இல்லையென்றால், 10 செ.மீ. கம்பளி நூல் துண்டுகளை வளைவுக்குப் பின்னால் பக்கச் சுவரில் ஒரு சாண் இடைவெளியில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்துத் தடத்தில் இன்னொரு வண்டியிலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நூல் பின்னோக்கி அமைதியாகப் படிந்திருந்தால் காற்று ஒட்டியிருக்கிறது. முன்னும் பின்னும் துடித்தால் அதற்குச் சற்று முன்னால் எங்கோ ஒரு படி புடைத்திருக்கிறது. அங்கே கையை வைத்துத் தடவிப் பாருங்கள்.